வலது தோளில் முந்தானை

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு என் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனை எடுப்பாள். சத்தத்தைக் குறைத்துவிடுவாள். வெளிச்சம் மட்டும் அவள் முகத்தில் மாறிக்கொண்டிருக்கும். நான் கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் கட்டி ஏற்றுகிறவன். விடியுமுன் போக வேண்டும், அதனால் படுத்துவிடுவேன். ஆனாலும் ஓரக்கண்ணால் பார்ப்பேன். ஜாக்கெட் கழுத்துகள், கையில் வேலைப்பாடு, புடவை கட்டிக் காட்டும் பெண்கள். அஞ்சாவதோடு நின்ற எனக்கு, அதில் ஓடும் எழுத்தைப் படிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

"தூங்கேன்" என்றால், "பகலெல்லாம் ஆளாளுக்குக் கூப்புடுறீங்க. இந்த நேரத்துலதான் ஒருத்தரும் கூப்புடறதில்ல" என்பாள். பிடித்த மாடலைத் தன் தம்பி மனைவிக்கும் அனுப்பி வைப்பாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு அவள் தேடியது வேறு. கட்டி என்று காட்டப் போனோம், புற்று என்றார்கள். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பை ஆப்பரேஷன் என்று சொன்னோம். அப்போது மகளுக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. தாய்க்கு வந்த நோய் மகளுக்கும் வரும் என்று நின்றுபோன வேறொரு வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி நாங்களே வாய்விட்டுப் பேசியிருக்கிறோம். எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தாலி கட்டும் வரைக்கும் தெரியக் கூடாது.

தையல்காரியிடம் போய் நிற்க முடியாது. பழைய பட்டு ஜாக்கெட் ஒன்றைப் பிரித்து, கழுத்தை ஏற்றி, இடது பக்கம் பஞ்சு வைத்து அவளே கையால் தைத்தாள். அப்படியும் விடவில்லை. ஒரு ராத்திரி போனை என் பக்கம் திருப்பினாள்.

"இதப் பாருங்க. வடக்கத்திக்காரங்க கட்டு. முந்தானைய முதுகுப் பக்கமிருந்து வலது தோள் மேல கொண்டாந்து முன்னால விரிச்சிடறாங்க. நெஞ்சு பூரா மூடிக்கிது."

"நமக்கு எதுக்கு அது?"

"எதுக்கோ. எடுத்து வச்சிருக்கேன்."

எங்களில் மகள் கல்யாணத்துக்குத் தாய்க்குப் பிறந்த வீட்டுப் புடவை வரும். அதை உடுத்தித்தான் அவள் மேடையேற வேண்டும். புடவை வரும் என்று தெரியும். தைத்த ஜாக்கெட்டும் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து மச்சானும் அவர் மனைவியும் தாம்பாளத்தோடு மண்டபத்துக்குள் வந்தார்கள். அந்தப் பெண் எனக்குத் தங்கச்சி முறை.

"அண்ணி, ஒரு பொங்கலுக்கு வந்தப்ப உங்க அளவு ஜாக்கெட்ட வுட்டுட்டுப் போனீங்களே, அத வச்சி தச்சிட்டேன். கழுத்து நல்லா எறக்கம், கையில ஜரிகை. நீங்க அனுப்பின மாடலுதான். வாங்க, நானே கட்டி வுடறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். "அவுரு கட்டி வுடுவாரு" என்றாள்.

அறையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள். "ஐஸ் கம்பெனிக்காரரு எப்ப புடவ கட்டக் கத்துக்கிட்டாரு?" "கல்யாணம் பொண்ணுக்கா, அம்மாக்காரிக்கா?" பெண்களுக்குப் பதில் சொல்வதென்றால்கூடத் தரையைப் பார்த்துச் சொல்கிறவன் நான். அவர்கள் நடுவே நடந்து உள்ளே போனேன். எல்லோரும் வெளியே போனதும் அவள் தாழ்ப்பாள் போட்டாள்.

ஜாக்கெட்டின் இடது பக்கம் வெற்றுப்பையாகத் தொங்கியது. கழுத்து இறக்கத்தில் தையல் தழும்பின் நுனி தெரிந்தது. அவள் தைத்து வைத்திருந்தது பச்சை, இந்தப் புடவை அரக்கு. தம்பி மனைவி ஆசையாகத் தைத்ததைப் போடாமல் வந்தால் ஏன் என்று கேள்வி வரும். அவள் என் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து உள்ளே வைத்துப் பின் குத்தினாள். பிறகு போனை என் கையில் கொடுத்தாள்.

"நிறுத்தி நிறுத்திக் காட்டுங்க."

ஐஸ் பிடித்துப் பிடித்து மரத்துப்போன விரல் எனக்கு. தொட்டால் போன் கேட்காது. மூன்று நான்கு தரம் தேய்த்தேன். அவளுக்கு இடது கை மேலே தூக்க வராது. அதனால் முந்தானையைப் பின்னாலிருந்து கொண்டுவந்து போட்டது நான்தான். வெளியே கதவைத் தட்டினார்கள். "முகூர்த்தம் போவுது."

அவள் வெளியே வந்ததும் தங்கச்சியின் முகம் வாடியது. "என்னா அண்ணி, சேட்டு வூட்டுக் கட்டு? என் ஜாக்கெட்டு எங்க தெரியிது?"

மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். "இருக்கட்டும். சம்பந்தி ஸ்டைலாத்தான் இருக்காங்க."

"மாமா, துண்டு எங்க?" என்றார் மச்சான். எங்கோ வைத்துவிட்டேன் என்றேன். தாலி ஏறியது. அந்தப் போட்டோவில் என் மனைவி நெஞ்சின் மேல் கை வைத்திருக்கிறாள். முந்தானையைப் பிடித்திருக்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அடுத்த வருஷம் நோய் எலும்புக்குப் போய்விட்டது. மறைக்க வழியில்லை. மாப்பிள்ளையின் தாய் ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது வராந்தாவில் என்னிடம் சொன்னார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம், சம்பந்தி. சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டோம். அதுவும் நெசம்தான்." மகளை அனுப்பிவிடவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவளிடம் பேச்சுக் குறைந்துபோனது.

ஆஸ்பத்திரியிலும் ராத்திரியில் என் மனைவி போன் கேட்பாள். கையில்லாத ஜாக்கெட், முதுகில் கயிறு கட்டிய ஜாக்கெட். மறைக்கிற மாடல் ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. பாக்கறேன். நீங்க தூங்குங்க."

போனைப் பிடிக்கத் தெம்பு இல்லாமல் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். போதும் என்றால் கண்ணை மூடிக்கொள்வாள்.

அவள் போன அன்றும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து புடவை வந்தது. பிறந்த வீட்டுக் கோடி. குளிப்பாட்டுவதற்காகப் பெண்கள் சுற்றிலும் புடவைகளைப் பிடித்து மறைத்திருந்தார்கள். தங்கச்சி மட்டும் அதிலிருந்து வெளியே வந்து, ஆண்கள் நின்ற இடத்துக்கே வந்தாள். இப்போது அவளுக்கும் எல்லாம் தெரியும்.

"அண்ணே, முந்தான எந்தப் பக்கம் போடறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வலது பக்கம்" என்றேன். "முன்னால விரிச்சி."

"எனக்கு வராது. நீங்க வாங்க."

பெண்கள் வழி விட்டார்கள். தங்கச்சி அவள் தோளைத் தூக்கிப் பிடித்தாள். நான் முந்தானையை அடியில் இழுத்து, வலது தோள் வழியாகக் கொண்டுவந்து விரித்தேன். இடது பக்கம் பள்ளமாகத் தெரிந்தது. என் தோளில் துண்டு இருந்தது. அதை எடுத்து மடித்தேன்.