வசந்தி அக்காவின் ஷோகேஸில் ஓர் இசைத்தட்டு

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பொலித்தீன் உறையை நான் இன்னும் கழற்றவில்லை. வாங்கி நாலு வருடம். உங்கள் வீட்டில்? பொய் சொல்லாதீர்கள்...

அதிலும் வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் என்றால் நமக்குத் தனி மரியாதை. பாவிக்க மாட்டோம். ஷோகேஸில் வைத்துப் பூட்டுவோம்.

போன ஞாயிறு இடியப்பத்துக்கு அவித்த மா கொஞ்சம் வாங்க, மேல்மாடி வசந்தி அக்கா வீட்டுக்குப் போனேன். வெள்ளவத்தையில் ஒரே ஃபிளாட்டில் பதினைந்து வருடப் பழக்கம். அவருடைய ஷோகேஸில், டின்னர் செட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சதுர அட்டை. இசைத்தட்டு! மேலே சுற்றிய கண்ணாடித்தாள்கூடப் பிரிக்கவில்லை.

"தம்பி அனுப்பினவன். எட்டு மாசமாச்சு," என்றார் அக்கா. முகம் இறுகிவிட்டது.

தம்பி குகன் ஜெர்மனியில் இருக்கிறான். தகரம், டிரில், தொழிற்சாலை மெஷின் என்று இரைச்சலை வைத்தே இசை செய்கிற ஒரு குழுவில் அவனும் ஒருவன். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை. ஒரே மகன்! கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட அண்ணன். விசாச் சிக்கல் என்றான் குகன், அக்கா நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஒன்பது வருடம்.

என் வாய் சும்மா இருக்குமா? போனில் தேடிப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் போட்ட இந்தத் தட்டு உலகத்திலேயே இருநூறு பிரதிகள்தானாம். அக்காவிடம் இருப்பது பதினாலாம் இலக்கம். உறை பிரிக்காத பிரதி ஒன்று கிடைக்குமா என்று எவனோ ஒரு சேகரிப்பாளன் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"அப்ப பிரிக்கக் கூடாதெல்லோ?" அக்காவுக்கு நல்ல சாட்டுக் கிடைத்துவிட்டது. "நீர் சும்மா இரும். அவன்ட சத்தம் எனக்குத் தேவையில்லை."

சும்மா இருக்கிற ஆளா நான்? அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினேன். பொடி எழுத்தில் பட்டியல். முதற் பக்கத்தின் கடைசி உருப்படிக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் — 'வெள்ளவத்தை, காலை பத்து மணி'.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். குசினிக்குள் போனார். மீன் வெட்டுகிற கத்தியோடு வந்து, உறையை ஒரே இழுவையில் கிழித்தார். ஐயோ... இருநூறில் ஒன்று போச்சு!

பக்கத்து ஒழுங்கையில் ரேடியோ திருத்துகிற நசீர் நானா, அக்கா கூப்பிட்டதும் பழைய பிளேயர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஊசியை அந்தக் கடைசி உருப்படியில் வைத்தார்.

ர்ர்ர்ர்... டக் டக்... கீ...ச்!

"ஊசி தேஞ்சிருக்கு போல, தங்கச்சி." மாற்றினார். அதே சத்தம். பிளேயரின் பெல்ட்டைக் கழற்றித் துடைத்தார். அதே சத்தம். "மிஷின்ல பிழையில்ல. தட்டுத்தான் பழுதா வந்திருக்கு. திருப்பி அனுப்பிடுங்க," என்று நிறுத்தக் கையைக் கொண்டுபோனார்.

"நிப்பாட்டாதைங்கோ நானா!" அக்கா போட்ட சத்தத்தில் நானா கையை எடுத்துவிட்டார். "அது எங்கட மில்."

அப்பா வெள்ளவத்தையில் மிளகாய்த்தூள் அரைக்கிற மில் வைத்திருந்தவர். பெல்ட் வழுக்கினால் இப்படித்தான் கீச்சிடுமாம். வெளிநாடு போவதற்கு முந்தின கிழமை குகன் கசட் ரெக்கோடரோடு மில்லுக்குள் சுற்றித் திரிந்தது அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு தும்மல் கேட்டது. இன்னொன்று. மூன்றாவது. அதோடு தட்டு ஓய்ந்தது.

அக்கா அழுதார். மறைக்கவில்லை, துடைக்கவுமில்லை. அழுதபடியே போனை எடுத்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு ஒரு ஹலோ கூட இல்லை...

"டேய், அப்பா எப்பவும் நாலு தரமெல்லோ தும்முறவர்? மற்றது எங்கயடா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. "நாலாவதுக்கு நீ சிரிச்சிட்டாய் அக்கா," என்றான் குகன். "மற்றப் பக்கம் அதோடதான் துவங்குது. நீ கேட்பாய் எண்டு எட்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"கொள்ளி வைக்க வராத கோவம் எனக்கு இன்னும் போகேல்லை," என்றார் அக்கா. மூக்கை உறிஞ்சினார். "திவசத்துக்கு வா."

"வாறன் அக்கா."

நானா தட்டைத் திருப்பிப் போட்டார். ஒரு தும்மல். கூடவே ஒரு இளம்பெண்ணின் சிரிப்பு — அந்த வசந்தியை எனக்குத் தெரியாது. அவ்வளவு சத்தமாகச் சிரிப்பாரா அக்கா? எட்டு மாதமாக அந்தச் சிரிப்பும் அப்பாவின் தும்மலும் கண்ணாடித்தாளுக்குள் கிடந்திருக்கின்றன. பழுதாகிவிடும் என்று நாம் பொத்தி வைப்பது சாமானை மட்டுமா?

மாவை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். முதல் வேலையாக ரிமோட்டின் பொலித்தீனைக் கிழித்தெறிந்தேன்!