சாவு வீட்டில் பேய்ப்படம்

சாவு விழுந்த வீட்டில டிவி போடக்கூடாது. ஏன்னு கேட்டா யாரும் விளக்கம் சொல்ல மாட்டாங்க, ஆனா எல்லாருக்கும் தெரியும். அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போன அன்னைக்கே அத்தை, ஜொகூர் பாரு பக்கம் தம்போய்ல இருக்கிற எங்க வீட்டு டிவி மேல ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டைப் போட்டு மூடிட்டாங்க. அத்தைன்னா அப்பாவோட அக்கா. டிவி அலமாரி மேலதான் அப்பா படத்தை வச்சு, மாலை போட்டு, விளக்கு ஏத்தியிருந்தோம். வரிசையா ஒட்டிக் கட்டின டெரஸ் வீட்டு ஹால்ல வேற இடம் ஏது லா? காரியம் முடியுற வரைக்கும் விளக்கு அணையக்கூடாது, டிவி ஓடக்கூடாதுன்னு என்கிட்டச் சொல்லிட்டு அத்தை அவங்க ஊரு ஆயர் ஈத்தாமுக்குக் கிளம்பினாங்க. சாவு வீட்டில சொல்லிக்கிட்டுப் போகக்கூடாதுங்கிறதால, மத்தவங்களைப் போலவே அவங்களும் 'போயிட்டு வரேன்'னு சொல்லல.

அந்தப் பெட்ஷீட்டை எடுத்தவ நான்தான். காரியத்துக்கு முன்னாடியே எடுத்தேன். எதுக்குன்னா, பேய்ப்படம் பாக்க.

காறித் துப்பணும்னு தோணுதா? துப்புங்க, ஆனா முழுக்கக் கேட்டுட்டுத் துப்புங்க.

அது பழைய கறுப்பு வெள்ளைப் படம். மலைமேல ஒரு பங்களா, விடாத மழை, கரண்டு போன வீடு, மாடிப்படியில வெள்ளைச் சேலையோட இறங்கி வர்ற ஒருத்தி. அப்பா கல்யாணமான புதுசுல ஜொகூர் பாருல ஒரு வீடியோ கடையில அந்தக் கேசட்டை எடுத்துக்கிட்டு வந்தாராம். திருப்பிக் கொடுக்க மனசே வராம கடைக்காரர்கிட்டக் கெஞ்சி ஒரு காப்பி போட்டு வாங்கிட்டாரு. கேசட்டு நம்ம ஊர் ஈரத்துல பூஞ்சை பிடிச்சு வீணாப் போச்சு. அப்புறம் பாசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, சிடியாக் கிடைச்சது. ரெண்டு சிடி. முதல் சிடியில வெறும் சத்தமும் நிழலும்தான். பேய் வர்றதெல்லாம் ரெண்டாவதுல.

பேய்ப்படத்தை வீட்டில பாக்குற சுகமே தனி. தியேட்டர்ல பேய் வந்தா வந்ததுதான், இருட்டுல மாட்டிக்கிட்டு முழிக்கணும். வீட்டில ரிமோட் நம்ம கையில. ஞாயித்துக்கிழமை மத்தியானம், பின்னாடி வாஷிங் மெஷின் சுத்துது, ரோட்டுல ரொட்டிக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போறாரு, அதுக்கு நடுவுல பேய் வருது. எந்தப் பாட்டு முடிஞ்சா வரும்னு தெரியும். அடியில பேய்க்கு மலாய்ல 'ஹந்து'ன்னு எழுத்து ஓடும்னுகூடத் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்குவேன். பயந்து முடிச்சதும் எந்திரிச்சுப் போய் மைலோ கலக்கிக் குடிக்கலாம். இந்தப் பைத்தியத்தை எனக்கு ஏத்தி விட்டது அப்பாதான்.

அவரு லோரி ஓட்டினவரு. மீசையைப் பாத்தாலே போலீஸ்காரன்கூட ரெண்டடி தள்ளி நிப்பான். ஆனா மாடிப்படி சீன் வந்தாப் போதும், கைலியைத் தூக்கி மூஞ்சியை மூடிக்குவாரு. உள்ள இருந்து சத்தம் மட்டும் வரும்: "போயாச்சா?" அம்மா அசையாம உக்காந்து, "போயாச்சு, கண்ணைத் தொறங்க"ன்னு சொல்லுவாங்க. போயிருக்காது. நேரா கேமராவைப் பாத்துக்கிட்டு நிக்கும். அப்பா கைலியை இறக்குவாரு, "அலமாக்!"னு அலறுவாரு, அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஒவ்வொரு தடவையும் இதேதான். ஒவ்வொரு தடவையும் நம்பி ஏமாறுவாரு மனுஷன். அம்மா சிரிக்கணும்னுதான் ஏமாந்தாரோ என்னவோ, நான் கேட்டதில்ல.

அப்பா செத்ததுக்கு அம்மா அழல. ஒரு சொட்டு இல்ல. பொட்டியை மூடும்போதும் அழல, கறுப்பு வேன் கிளம்பும்போதும் அழல. சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாங்க. சோத்தைக் கொண்டுபோய் வச்சா, கையால பிசைஞ்சு பிசைஞ்சு அப்படியே வச்சிடுவாங்க. பேச்சும் இல்ல. எனக்கு ஒரே பயம், இவங்களும் அப்பா பின்னாடியே போயிடுவாங்களோன்னு.

அத்தைக்கு வேற கணக்கு. வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும், "என் தம்பி அவளை மகாராணி மாதிரி வச்சிருந்தான். பாத்தியா, கல்லு மாதிரி உக்காந்திருக்கா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அம்மா காதுல விழுற தூரத்துலதான் சொன்னாங்க. அழாத பொம்பளை மேல சொந்தக்காரங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துட்டா அது லேசுல போகாது.

பெட்ஷீட்டை எடுத்த அன்னைக்கு நான் லீவுல வீட்டில இருந்தேன். மத்தியானம். யாரும் இல்ல. அம்மா அதே சுவர், அதே பார்வை. நான் சிடி டப்பாவை எடுத்தேன். அம்மாவுக்கு ஒரு மாத்தம் வேணும், பாவம், அதுக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பச்சைப் பொய். எனக்குத்தான் பாக்கணும்னு இருந்துச்சு. அப்பா போனதுல இருந்து உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. பெத்த அப்பன் செத்துக் காரியம்கூட முடியுறதுக்குள்ள பேய்ப்பட ஆசை வருமா ஒருத்திக்கு? எனக்கு வந்துச்சு. கதைகூட வேணாம், பேய் போதும்னு நேரா ரெண்டாவது சிடியைப் போட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

பெட்ஷீட்டை இழுக்கும்போது மேல இருந்த விளக்கு ஆடுச்சு. கைய வச்சுப் பிடிச்சேன். அணையல. சத்தத்தை நல்லாக் குறைச்சு வச்சேன்.

"ஏன்டி இப்படி?"ன்னு அம்மா கேட்டிருந்தா அணைச்சிருப்பேன். கேக்கல. கொஞ்ச நேரத்துல கண்ணு திரைக்குப் போச்சு. டிவிக்கு மேல அப்பா படம் எங்களைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. அவருக்கு மட்டும் திரை தெரியாது.

மாடிப்படி சீன் வந்துச்சு. அவ இறங்கி வர்றா. அப்பா கேக்க வேண்டிய இடம் வந்துச்சு. யாரும் கேக்கல. அணைச்சிடலாம்னு ரிமோட்டைத் தேடினேன். அப்ப அம்மா தலையைக் கொஞ்சம் தூக்கி, அப்பா படத்தைப் பாத்து, "போயாச்சுங்க, கண்ணைத் தொறங்க"ன்னாங்க.

சொல்லிட்டுச் சிரிச்சாங்க பாருங்க! அப்படியொரு சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்னால அடக்க முடியல.

வாசல் கிரில் கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அத்தை நிக்கிறாங்க. கையில அடுக்குக் கேரியர். அம்மா சாப்பிடலன்னு தெரிஞ்சு, மகனைக் காரோட்டச் சொல்லி, ஆயர் ஈத்தாம்ல இருந்து சமைச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்காங்க. அவங்களையும் முழுசாக் குத்தம் சொல்ல முடியாது. தம்பி படத்துக்கு முன்னாடி விளக்கு எரியுது, அதுக்குக் கீழ டிவியில பேய் நிக்குது, தம்பி பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிக்கிறா. எந்த அக்காவுக்குத் தாங்கும்?

"யாரு போட்டது இதை?"

வாயைத் தொறந்தேன். நிஜமாத் தொறந்தேன். அதுக்குள்ள அம்மா எந்திரிச்சு, தலைப்பைச் சரி பண்ணிக்கிட்டு, "நான்தான் போடச் சொன்னேன் அண்ணி"ன்னாங்க. தொறந்த வாயை நான் மூடிக்கிட்டேன். ஆபீஸ்ல, பஸ்ஸுல, சிங்கப்பூர்ப் பாலத்து இமிகிரேசன்ல யாரு வரிசையில புகுந்தாலும் சண்டைக்கு நிக்கிறவ நான். அன்னைக்கு மட்டும் அம்மா பொய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

அத்தை கத்தல. கத்தியிருந்தாத் தேவலை. கேரியரை மேசைமேல வச்சாங்க, பெட்ஷீட்டை எடுத்து டிவியை மறுபடி மூடினாங்க, போயிட்டாங்க. கீழ டிவி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. பெட்ஷீட்டுக்குள்ள இருந்து பேய்ப் பாட்டு மெல்லக் கேட்டுச்சு.

அம்மா அந்தக் கேரியரைத் தொறந்து சாப்பிட்டாங்க. கத்திரிக்கா சாம்பாரும் அப்பளமும். வழிச்சுச் சாப்பிட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். சந்தோஷப்படவும் முடியல, அழவும் முடியல.

காரியத்தன்னைக்கு விஷயம் ஊரெல்லாம் பரவியிருந்துச்சு. பந்தியில அம்மா பரிமாறப் போனா பேச்சு நின்னுடும், தாண்டினதும் மறுபடி தொடங்கும். எல்லாம் என்னாலதானே? அத்தை கை கழுவப் பின்பக்கம் போனப்ப நானும் பின்னாடியே போனேன்.

"அத்தை, அம்மா மேல தப்பு இல்ல. படம் போட்டது நான். அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க. நீங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்."

அத்தை பைப்பை மூடிட்டுக் கையை உதறினாங்க. என் மூஞ்சியை நல்லாப் பாத்தாங்க. கோவம்கூட இல்ல அந்த முகத்துல.

"போட்டது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி. சிரிச்சது அவதானே?"

எதைப் பாத்துச் சிரிச்சாங்கன்னு சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல இருந்த விளையாட்டை, சாம்பார் வாளிக்குப் பக்கத்துல நின்னு எப்படிச் சொல்றது? சொன்னாலும் அத்தைக்கு அது சிரிப்பாத்தான் படும். படம் போட்ட பழியை நான் வாங்கிக்கலாம். அம்மா சிரிச்சதை எப்படி நான் சிரிச்சதா மாத்துறது?

இப்ப பெட்ஷீட்டு இல்ல, டிவி எப்பவும் போல ஓடுது. அம்மா நல்லாச் சாப்பிடுறாங்க, பேசுறாங்க, கோயிலுக்குப் போறாங்க. சாயந்திரம் ரெண்டு பேரும் உக்காந்து ஏதாவது காமெடி பாப்போம். சிரிக்கிற இடம் வந்ததும் அம்மா முதல்ல தலையைத் திருப்பி கிரில் பக்கம் பாக்குறாங்க. வெளிய யாரும் நிக்கலன்னு தெரிஞ்ச பிறகுதான் சிரிக்கிறாங்க.