பேச்சிழந்த பேரரசரும் அவர் மகனும்

புற்றுநோய் என்று என் கணவரின் குரல்வளையை எடுத்த பிறகு எங்கள் வீட்டில் என் குரல் மட்டுமே கேட்டது. நகரத்தின் மோர்னிங்சைட் பகுதியில் ஒரு பழைய அப்பார்ட்மென்ற் கட்டடத்தில் இருந்தோம். நான் இன்றும் அங்கேதான் இருக்கிறேன். அவர் ஒரு சிறிய வெள்ளைப் பலகையில் எழுதுவார், நான் அதை உரத்து வாசிப்பேன். மனதுக்குள் படித்தால் மேசையில் தட்டுவார். தன் சொல் காதில் விழவேண்டும் என்ற ஆசை அவருக்கு. அவருடைய கோபத்தையும் பகிடியையும் என் வாயாலேயே சொல்லி, அதற்குப் பதிலும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அவர் உயர்தர வகுப்புகளுக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். நாட்டை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை ஒரு அலுவலகக் கட்டடத்தில் செக்கியூரிட்டி வேலை செய்தார். வரலாற்றைப் பற்றி என்னோடு கதைத்ததே இல்லை. ஆஸ்பத்திரியால் வந்த அந்தப் பனிக்காலத்தில் ஒரு நாள் பலகையை என் பக்கம் திருப்பினார். ஜெர்மனியில் ஒரு சக்கரவர்த்திக்கும் இதே தொண்டை வருத்தம்தான், முடிசூடியபோது அவராலும் பேச முடியவில்லை என்று எழுதியிருந்தது. பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். அப்படித்தான் தொடங்கியது.

பலகை சிறியது. நாலு வரி எழுதி, நான் வாசித்ததும் துடைத்துவிட்டு அடுத்த நாலு வரி எழுதுவார். அந்தப் பனிக்காலம் முழுக்க அந்தச் சக்கரவர்த்தி, அவருடைய மகன் என்று இரண்டு பேரின் கதையை எனக்கு அப்படிச் சொன்னார்.

தகப்பன் பொறுமைசாலி. அவருடைய தகப்பன் தொண்ணூறு வயது தாண்டியும் சிம்மாசனத்தில் இருந்ததால், இளவரசராகவே தாடி நரைத்தவர். போர்களில் படை நடத்தி வென்றவர், ஆனால் போரை வெறுத்தவர். பிரித்தானிய மகாராணியின் மகளைக் கட்டியிருந்தார். பாராளுமன்றத்துக்கு மதிப்பு வேண்டும், பத்திரிகைகள் நினைத்ததை எழுத வேண்டும் என்று இருவருமே விரும்பினார்கள். யூதர்களுக்கு எதிராக நாட்டில் கூச்சல் எழுந்த காலத்தில், இராணுவச் சீருடையை அணிந்துகொண்டு மனைவியோடு அவர்களுடைய தொழுகைக் கூடத்தில் போய் இருந்தாராம். கடைசியில் முடி அவர் தலைக்கு வந்தபோது தொண்டையில் புற்றுநோய். கழுத்தில் குழாயோடு, கடதாசித் துண்டுகளில் எழுதி எழுதி நாட்டை ஆண்டார். அதுவும் மூன்று மாதம்தான்.

மகன் வேறு ஆள். பிறக்கும்போதே இடது கை பழுதாகிவிட்டது. அதைச் சரிப்படுத்த மின்சாரம் பாய்ச்சினார்கள், நல்ல கையைக் கட்டிவைத்தார்கள். சமநிலை இல்லாத பிள்ளையைக் குதிரையில் ஏற்றி, விழ விழ, அழ அழ ஓடவிட்டார்கள். வளர்ந்தபோது அவருக்குச் சீருடையும் அணிவகுப்பும் பிடித்தன. மேடை கிடைத்தால் பேசாமல் இறங்கமாட்டார், பேசினால் யாரையாவது நோகடிக்காமல் விடமாட்டார். தகப்பனின் உயிர் போனதும் படையாட்களை அனுப்பி அரண்மனையைச் சுற்றிவளைத்து, பெற்றோரின் கடிதங்களைத் தேடினார். பிறகு பழைய பிரதம மந்திரியை வீட்டுக்கு அனுப்பினார், பெரிய கடற்படை கட்டினார். கடைசியில் உலகத்தையே எரித்த போரில் தோற்று, அயல்நாட்டுக்கு ஓடி, அங்கே மரம் அரிந்துகொண்டு கிழவராகிச் செத்தார்.

தகப்பன் நல்லவர், மகன் கூடாதவர் என்று நான் முடித்துக்கொள்ளப் பார்த்தேன். என் கணவர் தலையை ஆட்டி மறுத்தார். தகப்பன் ஒன்றும் செய்யாமலே போனதால்தான் பாதிப் பேர் அவரைக் கும்பிடுகிறார்கள், ஆள விட்டுப் பார்த்திருந்தால்தான் தெரியும் என்று எழுதினார். படிப்பித்த காலத்தில் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும்.

எங்களுக்கு ஒரே மகன். நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புதிதாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் மனைவி பிள்ளைகளோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். தகப்பனும் மகனும் அரசியல் கதைத்தால் வீடு இரண்டுபடும். எவரோடும் இருந்து கதைக்க வேண்டும் என்பார் அவர். கதைத்து என்ன கண்டீர்கள் என்பான் மகன். வேலைத்தளத்தில் தன்னோடு நின்ற சிங்கள மனிதரை அவர் ஒருமுறை சாப்பிடக் கூட்டிவந்தபோது, மகன் சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி அறைக்குள் போய்விட்டான். அப்போதும் அவர் கத்தவில்லை, விருந்தாளிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

குரல் போன பிறகும் மகன் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்ன ஏதோவொன்றுக்கு அவர் குனிந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடிக்க நேரம் எடுத்தது. மகன் எழும்பி ஜக்கெற்றைப் போட்டான்.

"விடுங்கோ அப்பா. நீங்கள் என்ன எழுதப் போறியள் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் பேனையை மூடினார். எழுதின பாதியைக் கையாலேயே துடைத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் காலநிலையைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் மட்டும்தான் கதைத்தார்கள். அடுத்த பனி விழுவதற்கு முன் அவர் போய்விட்டார்.

செத்தவீட்டு அலுவல்கள் எல்லாவற்றையும் மகன்தான் ஓடியாடிச் செய்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் என்னை ஸ்ரௌவ்வில்லுக்குக் கூட்டிப்போனான். பெரிய வீடு. காலையில் எல்லோரும் கார்களில் போய்விட்டால் ஹீற்றரின் இரைச்சல்தான் துணை. நடந்து போக ஒரு கடை இல்லை. தெருவில் மனிதர் நடப்பதைக் கண்டால் யன்னலடியில் நின்று பார்ப்பேன். ஒரு நாள் தேத்தண்ணி போட்டுவிட்டு, நான் காலையிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை என்று உணர்ந்தேன். வாயைத் திறந்து ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன், வாசிக்க எதுவும் இருக்கவில்லை. இளவேனில் வந்ததும் மோர்னிங்சைட்டுக்குத் திரும்பிவிட்டேன். மருமகள் அழுதாள். மகன் பெட்டியைத் தூக்கிவந்து காரில் வைத்தான்.

எங்கள் பக்கத்து நூலகத்தில் தமிழ் முதியவர்கள் கூடுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசவேண்டும். சமையல், பிரஷர், கோயில் என்று போகும். என் முறை வந்தபோது எனக்கு அந்த இரண்டு சக்கரவர்த்திகளைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அன்று உறைபனி, பஸ்ஸில் போகவேண்டாம் என்று மகன் வேலைக்கு லீவு சொல்லி என்னைக் கொண்டுபோய் இறக்கினான். போய்விடுவான் என்று நினைத்தேன். கடைசி வரிசையில் ஜக்கெற்றைக் கழற்றாமல் இருந்தான்.

நான் பேசினேன். அவருடைய எழுத்து இல்லாமல் அந்தக் கதையைச் சொன்னது அதுதான் முதல்முறை. நடுவில் சில இடங்களில் பேச்சு தானாக நின்றுவிட்டது, அவர் பலகையைத் துடைத்த இடங்கள் அவை. முடிந்ததும் ஒரு அண்ணை எழும்பி, தகப்பன் இருந்திருந்தால் அந்தப் போரே வந்திராது என்றார். அது ஒருவருக்கும் தெரியாது என்றேன். அந்தப் பேச்சிழந்த சக்கரவர்த்தி காலம் முழுக்கத் தன் தகப்பனைப் பெரிதாக எதிர்த்து நின்றதில்லை, சக்கரவர்த்தியாக இருந்து என்ன செய்திருப்பார் என்று யார் கண்டது என்றேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. பிறகு தேத்தண்ணி தந்தார்கள்.

காரில் கொஞ்சத் தூரம் வந்தபின் மகன் கேட்டான்.

"அம்மா, நீங்கள் என்னைப் பற்றித்தானே சொன்னனீங்கள்?"

"இல்லை, தம்பி. அப்பா சொன்ன கதையைத்தான் சொன்னனான்."

"அப்பா என்னை நினைச்சுச் சொன்னவரோ?"

எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளையைக் குதிரையிலை ஏத்தின இடத்தை எழுதேக்கை அப்பா அழுதவர்."

அவன் என்னை வாசலில் இறக்கிவிட்டு, நான் லிஃப்ற்றுக்குள் போகும்வரை காரை எடுக்காமல் நின்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் வருகிறான். அரசியல் கதைப்பதில்லை. சாப்பிட்டுவிட்டு, தகப்பன் இருந்த கதிரையில் சற்று நேரம் கண்ணயர்வான். ஸ்ரௌவ்வில்லுக்கு வரச்சொல்லிக் கேட்பதை நிறுத்திவிட்டான்.

மற்ற நாட்களில் யாரும் இல்லை. நூலகத்துக்குப் போய், அங்கே வேலை செய்யும் பிள்ளை தேடித் தந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு மெதுவாகப் படிக்கிறேன். அது அந்தச் சக்கரவர்த்தியின் மனைவியைப் பற்றியது. என் கணவர் அவளைப் பற்றி அதிகம் எழுதிக் காட்டவில்லை. கணவர் போன பிறகு அவள் பல வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள். மலைப்பக்கமாக ஒரு வீட்டைக் கட்டி, அதற்குக் கணவரின் பெயரை வைத்து, அங்கேயே இருந்தாளாம். இன்னும் பாதிப் புத்தகம் இருக்கிறது.