கடைசிக் கார்

ஒன்றாம் எண் போட்ட அந்தப் பச்சை ஜெர்சியை இன்று காலை பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். மடிக்கிறேன், பிரிக்கிறேன், மறுபடி மடிக்கிறேன். கீழே ஹாரன் சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கேப்டன் அக்கா! ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருக்கிறார். புக்கிட் ரம்பாய் அடுக்குமாடியின் மூன்று மாடிப் படிகளையும் ஓடியே இறங்கினேன். பாதி வழியில்தான் செருப்பை மாற்றிப் போட்டிருப்பது தெரிந்தது.

எங்கள் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணிக்கு அவர் கேப்டன். நான் பெம்பான் ஊரிலிருந்து போன முதலாண்டுப் பெண், வாய் மட்டும் ரொம்பப் பெரியது. அணிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் வியர்வை ஜெர்சிகளை ஒரே பையில் திணித்து கேப்டன் காரில் போட்டுவிடுவோம். திரும்பும் வழியில் அலோர் காஜா பக்கம் சாலையோர ஒட்டுக்கடையில் தேநீர். அங்கே கடைசியாக வந்து சேரும் காரில் இருப்பவர்கள்தான் அத்தனை ஜெர்சிகளையும் துவைக்க வேண்டும். கல்லூரி பஸ் கிடைக்காத நாள்களில் சீனியர்களின் கார்களில்தான் பயணம். அணி மேலாளருக்கும் இந்தப் பந்தயம் தெரியும். சிரித்துக்கொண்டே கையசைத்து அனுப்பிவைப்பார்.

அன்று சிரம்பானில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் நான் அடித்த பந்து எதிரணி கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது. ஐயோ, இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது! எங்கள் கோல்கீப்பர், தெங்கேராவில் தையல் கடை வைத்திருக்கும் ஆண்ட்டியின் ஒரே மகள், மைதானத்தின் மறு கோடியிலிருந்து கால்காப்புகளோடு தடதடவென்று ஓடி வந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். கேப்டன் அக்கா காரில் ஐந்து பேர். முன்னால் நான், பின்னால் கோல்கீப்பரும் இன்னும் இருவரும். மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னால் செம்பனை எண்ணெய்ப் பழக் குலை ஏற்றிய லாரி ஊர்ந்தது, அதைத் தாண்டி எங்கள் அணியின் மற்றொரு கார் பறந்தது. “கட் பண்ணுக்கா, கட் பண்ணு! ஜெர்சி துவைக்கிறதெல்லாம் என்னால முடியாது லா!” என்று கத்தியது நான்தான். அக்கா லாரியை முந்தினார். வளைவில் கார் வழுக்கிச் சாலையோர மரத்தில் மோதியது. மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே கோல்கீப்பர் இறந்துவிட்டாள்.

போலீஸ் வாக்குமூலத்துக்கு முன்தினம் அப்பா என்னை உட்கார வைத்துச் சொன்னார். “எல்லாரும் தூங்கிட்டோம், ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடு. கட்டிக் கொடுக்க வேண்டிய பொண்ணு கோர்ட்டு வாசல்ல நிக்கிறதாவது!” மற்ற இரு வீடுகளிலும் இதே பேச்சுத்தான். கோப்பையை வென்ற அரை மணி நேரத்தில் காருக்குள் நான்கு பெண்கள் தூங்கினார்களாம்! அதையும் எழுதிக்கொண்டார்கள். மேலாளர், கார்களில் போனதே தனக்குத் தெரியாது என்றார். கோர்ட்டில் கேப்டன் அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. “ஸ்டியரிங் என் கையிலதான் இருந்துச்சு” என்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். லைசென்ஸ் பறிபோனது, சிறைக்கும் போனார். அந்த ஜெர்சிப் பை எப்படியோ என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. எங்கள் கார்தானே கடைசி? அத்தனையையும் நானே துவைத்தேன். எல்லாவற்றையும் கல்லூரிக்குக் கொடுத்தேன், கோல்கீப்பரின் ஒன்றாம் எண்ணைத் தவிர.

போன வாரம் அக்கா கூப்பிட்டார். “லைசென்ஸ் திரும்பக் கிடைச்சிருச்சு லா. மொதல்ல தெங்கேராவுக்கு, ஆண்ட்டியப் பார்க்கத்தான் ஓட்டணும். வர்றியா?” யோசிக்காமல் வருகிறேன் என்றேன்.

இன்று அவர் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கூட எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் ஹாரன் மேல் ஹாரன். என் வாய் சும்மா இருக்குமா? “அக்கா, இப்படிப் போனா ஜெர்சி நம்மதான் துவைக்கணும்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா காரை ஓரம் கட்டி நிறுத்தினார். இருவரும் சிரித்தோம், சிரித்தபடியே அழுதோம். “நீ கத்தாட்டியும் நான் மிதிச்சிருப்பேன்டி. எனக்கும் துவைக்கப் புடிக்காது” என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. மிதித்தது அவர் பங்கு என்றால் கத்தியது என் பங்கு, சிரித்து அனுப்பியவருக்கும் ஒரு பங்கு உண்டு. எல்லாப் பங்கையும் ஒருத்தி தலையில் கட்டிவிட்டு நாங்கள் தூங்கினோம் என்றோமே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தெங்கேராவில் அக்கா காரை விட்டு இறங்கவில்லை. “நீ போ, என்னால முடியல” என்றார். நான் மட்டும் கடைக்குள் நுழைந்து ஜெர்சியைத் தையல் மெஷின் மேல் வைத்தேன். அந்த எண்ணைத் தைத்தவரே ஆண்ட்டிதான். அவர் விரல் தானாகத் தையலின் மேல் ஓடியது. மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். “ஆண்ட்டி, நான் தூங்கல. யாருமே தூங்கல. லாரியை முந்தச் சொல்லிக் கத்துனது நான்தான்.”

ஆண்ட்டியின் விரல் நின்றது. திட்டுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன்.

“அப்போ எம்பொண்ணும் தூங்கலையா?”

“இல்ல ஆண்ட்டி. பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா. எங்க எல்லாரையும்விடச் சத்தமா.”

“சிரிச்சாளா?”

“வயிறு வலிக்குதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

ஆண்ட்டி ஜெர்சியை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். “இதச் சொல்ல ஒம்பது வருஷமாடி உனக்கு?” என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். “இத வேற துவைச்சு வச்சிருக்க, பாவி. அவ வாசனையே போச்சு.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். “கார்ல யாரு, அவளா? ஒத்தையா ஏன் உக்காந்திருக்கா? கூப்புடு.”

அந்த நாளுக்குப் பிறகு நான் யாரையும் கத்திக் கூப்பிட்டதில்லை. இன்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். “அக்கா! வாக்கா! உள்ள வாக்கா!” பச்சை ஜெர்சியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆண்ட்டியும் என் பக்கத்தில் வந்து நின்றார். கார்க் கதவு திறந்தது.