செல்லாயியின் கடப்பாறைக்குக் காவல்

மங்கலம்பேட்டை டீக்கடையில் கிடைத்த செய்தி: பக்கத்து ஊர்த் தடுப்பணையை உடைக்க ஒரு பொம்பளை கடப்பாறையோடு அலைகிறாள். என் வடை ஆறுவதற்குள் கடப்பாறை வெடிமருந்தாகிவிட்டது. நேரில் பார்த்துவிடலாமென்று பஸ் ஏறினேன்.

அணை நல்ல அணைதான். ஊரே கல் சுமந்து ஓடைக்குக் குறுக்கே கட்டியது. அதற்கு முன்பு ஐப்பசித் தண்ணீர் நிற்காமல் கடலுக்குப் போகும்; ஊர் மாசியிலேயே குடத்தோடு தண்ணி லாரிக்கு நிற்கும். இப்போது கிணறுகளில் கோடையிலும் தண்ணீர். திருப்பூருக்குப் போன ஆண்கள் திரும்பி வந்து நாற்று விடுகிறார்கள். பெண் கொடுக்கத் தயங்கிய சனங்கள் ஜாதகத்தோடு வருகிறார்கள். குறை சொல்ல எனக்கு ஆசைதான், வழியில்லை.

கடப்பாறைக்காரி என்று பேசப்பட்ட செல்லாயிக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. ஓடையோர முந்திரித் தோப்புதான் சோறு. அணை தேக்கும் தண்ணீர் ஏறுவது அந்தத் தோப்பில். முந்திரி வெயிலைத் தாங்கும். வேரில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. அணை கட்டும்போதே இது எல்லோருக்கும் தெரியும். அணைக் கமிட்டித் தலைவர் ஞானசேகரன் ஊர்க்கூட்டத்தில் சொன்னார்: "கவலப்படாத அத்த. வூட்டுக்கு ஓராளு, ஒரு நாளு. தோப்ப சுத்தி கரை போட்டுக் குடுத்துடறோம்."

செல்லாயி நம்பினார். போதாததற்கு அணைக்குக் கல்லும் சுமந்தார்.

அன்று ஊரில் யாருக்கும் வேலை கிடையாது. நேரம் கொட்டிக் கிடந்தது. தண்ணீர் வந்ததும் நடவு வந்தது, களை வந்தது, அறுப்பு வந்தது. கரை போட மட்டும் ஒரு நாள் ஒழியவில்லை. முதல் மழையில் தோப்பின் கீழ்ப்பக்க மரங்கள் பட்டுப்போயின.

நான் போனது புரட்டாசியில். அணையில் தண்ணீர் சுருங்கிக் கிடந்தது. செல்லாயி இறுகிய வண்டலைக் கடப்பாறையால் பெயர்த்து, கூடையில் சுமந்து, மிச்ச மரங்களைச் சுற்றித் தானே கரை போட்டுக்கொண்டிருந்தார். ஆக, கடப்பாறை உண்மை.

அணைமேல் இளவரசு என்பவர் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"காவல் சார். இந்தம்மா ஒடச்சிடும்னு பேச்சு. கமிட்டி மொற போட்டிருக்கு. வூட்டுக்கு ஓராளு, ஒரு நாளு."

"ஆள் வர்றாங்களா?"

"ஒரு நாள் தப்பாது சார்."

கூடையோடு போன செல்லாயி நின்றார். "ஏண்டா எளவரசு, சும்மா குந்திக்கினு பாக்கறதுக்கு ரெண்டு கூட தூக்கி வுடக் கூடாதா?"

"தூக்கிடுவேன் சின்னம்மா. காவல வுட்டுட்டேன்னு கமிட்டி கேக்குமே?"

ஞானசேகரன் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். காவலுக்கு வருகிறவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"நல்ல யோசன சார். கமிட்டில வெச்சிடறேன்."

கமிட்டி கூடுவதற்குள் மேகம் கூடிவிட்டது.

கார்த்திகையில் மறுபடி போனேன். செல்லாயியின் கரை பாதியோடு நின்றிருந்தது. மீதிப் பாதி வழியாக ஏறிய தண்ணீரில் மிச்ச மரங்களும் இலை பழுத்து நின்றன. காவல் மட்டும் முறை தவறாமல் நடந்தது. செல்லாயி ஞானசேகரனின் வயலில் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தார்.

வரப்பில் நின்ற ஞானசேகரன் வருத்தத்தோடுதான் சொன்னார்: "மரமே பூடிச்சே அத்த. இனிமே கரை எதுக்கு? வுட்டுடு."

செல்லாயி நிமிரவில்லை. "மரம் பூட்டா ஆளு பாக்கியும் பூடுமா மாப்ள? வூட்டுக்கு ஓராளு. நீ என்னிக்கு வர்ற, அதச் சொல்லு."

"தை பொறக்கட்டும் அத்த" என்று சொல்லிவிட்டு ஞானசேகரன் மடை திறக்கப் போனார்.