நீங்கள் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறீர்கள்

புனே பக்கம் சிஞ்ச்வட்டிலிருந்து ரஞ்சன்காவுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருவதிலேயே என் பாதி உயிர் போய்விடும். மீதியைத் தொழிற்சாலை வாங்கிக்கொள்ளும். நடுவில் எனக்கென்று இருந்தது டேப்லெட்டில் ஒரு தமிழ் நாவல் மட்டும்தான். விடுமுறை நாட்களில் அதையே வீட்டுக் கணினியில் பெரிய எழுத்தில் படிப்பேன். ஒன்றில் விட்ட இடத்தை மற்றொன்று நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதுதான் அந்த வாசிப்புச் செயலியின் பெருமை.

அந்தப் பெருமை ஒருநாள் சந்தி சிரித்தது. இருநூறு பக்கம் தாண்டிய ஆளிடம் டேப்லெட் கேட்டது: 'நீங்கள் வேறு கருவியில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே செல்லவா?' நான் இருப்பதோ பஸ்ஸில், கடைசி சீட்டில், இடுப்பு வலியோடு. தூக்கக் கலக்கத்தில் 'ஆம்' என்று தொட்டுத் தொலைத்து, என் பக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் இறங்கும் இடமே வந்துவிட்டது. மறுநாள் பத்தாம் பக்கம் என்றது. அதற்கடுத்த நாள் மறுபடி ஒன்பது. எரிச்சலோடு 'வேண்டாம்' என்று தட்டித் தட்டியே படித்தேன். வாடிக்கையாளர் சேவையில் ஒரு பெண் லாக் அவுட் செய்துவிட்டு லாகின் செய்யும்படி இந்தியில் சொன்னாள். செய்தேன். அப்போதும் ஒன்பதுதான் வந்தது.

மனைவியிடம் புலம்பினேன். அவள் புனேயிலேயே பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அதனால் அவள்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"அரே, வந்ததும் இதே பேச்சா? பாஜி ஆறுது, சாப்பிடுங்க" என்றாள்.

சாப்பிட்டேன். அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

ஒருநாள் தொழிற்சாலையில் மின்சாரம் போய், மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து அவள் குரல் எழுத்தெழுத்தாக வந்தது.

"ம... க... ன். மக்கான். மக்கான் இன்...னும் வர...வில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "மக்கான் எப்படி வரும்?"

கணினித் திரையில் ஒன்பதாம் பக்கம். மராத்தி படித்த கண்ணுக்கு நம் 'க' எப்போதும் அழுத்தமான 'க'தான். கதையில் வரவேண்டிய மகன் இந்தியில் வீடாகிவிட்டான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பிப் பார்த்தவளின் முகம் சுண்டிப்போனது.

"சிரிங்க. பஸ்ல சிரிக்கற மாதிரி."

"பஸ்லயா?"

"கீழ்வீட்டுக்காரர் அதே பஸ்லதானே வர்றார், அவர்தான் சொன்னார். புஸ்தகத்தைப் பாத்துத் தனியா சிரிக்கறீங்களாம். இங்க வந்தா வாயே திறக்கறதில்ல. அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு போன்ல வீடியோ பாத்து எழுத்து கத்துக்கிட்டேன். ஆனா இந்தக் கம்ப்யூட்டர் தினம் என் பக்கத்தைத் தூக்கி எங்கயோ கொண்டுபோய் வெச்சிடுது. தேடி வர்றதுக்குள்ள படிச்சதே மறந்துடுது. போதும், விட்டுடப் போறேன்."

தூக்கிக்கொண்டு போனது நான்தான். பஸ்ஸில் நான் 'வேண்டாம்' என்று தட்டிப் படித்த ஒவ்வொரு முறையும், கணினி அவளை ஒரு வார்த்தை கேட்காமல் என் பக்கத்துக்கு ஓடியிருக்கிறது. அதை விளக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு.

"அது மக்கான் இல்ல. மகன்."

அவள் திரையை மறுபடி பார்த்தாள். "மகன் இன்னும் வரவில்லை." பிறகு என்னிடம் கேட்டாள்: "எங்க போயிட்டான்?"

எனக்குத் தெரியவில்லை. இருநூறு பக்கம் படித்தவனுக்கு அந்த மகன் எங்கே போனான் என்று நினைவில்லை. பஸ்ஸில் நான் என்னத்தைப் படித்தேனோ! வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் டேப்லெட்டைத் திறக்கவேயில்லை. திறந்தால் அவள் பக்கம் நகர்ந்துவிடும். மாலையில் ஏறி உட்கார்ந்ததும் திறந்தேன். இத்தனை நாள் நான் திட்டித் தீர்த்த அந்தக் கேள்வி இன்று வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

'நீங்கள் வேறு கருவியில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே செல்லவா?'

'ஆம்' என்று தொட்டேன். பதினொன்றிலிருந்து முதல் பக்கத்துக்குத் தள்ளிப் போய், மகன் எங்கே போனான் என்று தேடத் தொடங்கினேன். இறங்கும்முன் அவள் பக்கத்துக்கே திரும்பிவிட வேண்டும். வீட்டுக்குப் போனதும் அவள் கேட்பாள்.