போடிமெட்டுக் கருப்பனுக்கு ஒன்றரை ரூபாய்ச் சுருட்டு

1981, ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். என் மனைவி பாப்பாத்தி அங்கே ஆஸ்பத்திரியில் கண் ஆபரேசன் முடிந்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் கட்டை அவிழ்ப்பார்கள். பார்வை வருமா வராதா என்று அதற்கு முன்னால் யாரும் சொல்லத் தயாராக இல்லை.

அவள் பிறந்த வீட்டுச் சாமி, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்துக்குள் இருக்கும் கருப்பன். ஆபரேசனுக்கு முன்னாலேயே அவருக்குச் சுருட்டு வைப்பதாக நேர்ந்துகொண்டாள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சுருட்டைப் பற்றவைத்துச் சாமி முன்னால் கல் இடுக்கில் செருகுவார்கள். அடி வரைக்கும் அணையாமல் எரிந்தால் சாமி ஏற்றுக்கொண்டார். பாதியில் அணைந்தால் இல்லை. மூன்று தரம் வைக்கலாம். மூன்றும் அணைந்தால் அடுத்த வருசம்தான் போக வேண்டும்.

ஆகவே சுருட்டு நல்ல சுருட்டாக இருக்க வேண்டும். முப்பது வருசமாகச் சுருட்டுக் குடிக்கிறவன் நான். திருமங்கலத்தில் மாவு மில் வைத்திருக்கிறேன். எதில் எதைக் கலப்பார்கள் என்பதும் தெரியும். சுருட்டுக்குள்ளே பப்பாளி இலையை வைத்துச் சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நேர்ச்சைக்காகக் கழுத்தில் மாலை போட்டிருந்தேன். இருபத்தொரு நாள் புகை கூடாது. குடித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்பதே வழி நெடுகக் கவலை.

எட்டேகால் மணிக்குப் போடி. கடைத்தெருவில் ஒரு ராவுத்தர் கடையில் விசாரித்தேன். பத்துச் சுருட்டு ஒரு கட்டு, விலை ஒன்றரை ரூபாய் என்றார். எங்கள் ஊரில் இந்தப் பருமனுக்கு இரண்டே முக்கால் ரூபாய்க்குக் குறையாது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

“என்ன பாய், இம்புட்டு மலிவு?”

“தோட்டத்துக்குப் போற ஆளுக குடிக்கிறதுண்ணே. குளுருக்குக் காரமா இருக்கணும், கைக்கும் கட்டுபடியாகணும். சீமான் வீட்டுச் சரக்கில்ல.”

ஓர் உதிரிச் சுருட்டை மாதிரிக்கென்று சும்மா கொடுத்தார். கட்டை வாழைச் சருகில் வைத்து, அதன் மேல் மெழுகுத் தாள் சுற்றி, நாரால் இறுக்கிக் கட்டினார். “சாமி முன்னால நின்னுதான் பிரிக்கணும். வழியில பிரிச்சுறாதீக” என்றார்.

“ஏன்?”

“பிரிக்காதீகன்னா பிரிக்காதீக. அந்தா ஜீப்பு கெளம்புது, வெரசா போங்க.”

ஒருவன் பொருளை விற்றுவிட்டு, பிரித்துப் பார்க்காதே என்றால் என்ன அர்த்தம்? மாதிரி ஒன்று, மூட்டை வேறொன்று. மில்லில் இதை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!

போடிமெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். ஜீப்பில் பதினாலு பேர், நான் டிரைவர் பக்கத்தில். உதிரிச் சுருட்டை அவரிடம் கொடுத்து, குடித்துச் சொல்லச் சொன்னேன். அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றிக்கொண்டே இழுத்தார். நான் சாம்பலைக் கவனித்தேன். வெள்ளையாக, உதிராமல் நின்றது. புகையில் பப்பாளி வாடை இல்லை.

“எப்படிப்பா?”

“ஆளைத் தூக்குதுண்ணே. ரெண்டு இழுப்புக்கே நெஞ்சுல நிக்குது. ஆனா தொண்டைய அறுக்கல.”

“அந்தக் கடைக்காரர் ஒனக்குச் சொந்தக்காரரா?”

டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அண்ணே, ஓசிச் சுருட்டுக்கு இம்புட்டுக் கேள்வியா?” பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பாதி மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற ஜீப் நின்றது. மேகம் சாலைக்கே இறங்கியிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. நாரை அறுத்து, தாளைக் கிழித்து, பத்தையும் மடியில் பரப்பினேன். ஒவ்வொன்றாக அமுக்கி, முகர்ந்து, இலை நரம்பு பார்த்தேன். குறை எதுவும் அகப்படவில்லை. அகப்படாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

“என்னண்ணே, சந்தையில மாட்டுக்குப் பல்லுப் பிடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குறீக” என்றார் டிரைவர்.

திரும்பக் கட்ட முயன்றேன். சருகு பொடிந்துவிட்டது. துணிப்பைக்குள் அப்படியே போட்டுக்கொண்டேன். மீதி வளைவுகளெல்லாம் மேகத்துக்குள்தான், நடை வேகத்தில். போய் இறங்கும்போது என் வேட்டியைப் பிழியலாம் போல இருந்தது.

பதினொன்றரை மணி. மெட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நடை. பெரிய மரத்தடியில் மூன்று கல்லும் அரிவாளும்தான் கோயில். பூசாரி மாயாண்டி, தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். குளித்து வந்து முதல் சுருட்டைப் பற்றவைத்துச் செருகினார். நான் கண்ணை மூடி, “கருப்பா, அவளுக்கு வெளிச்சம் குடு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது நெருப்பில்லை. விரற்கடை அளவு எரிந்து அணைந்திருந்தது.

இரண்டாவதும் அப்படியே.

“போடி பாய் ஏமாத்திட்டாருய்யா! மலிவா குடுக்கும்போதே நெனச்சேன்” என்று கத்திவிட்டேன்.

பூசாரி மூன்றாவதை எடுத்து, காதருகில் வைத்து விரலால் உருட்டினார். “காஞ்ச சுருட்டுன்னா நொறுநொறுன்னு சத்தம் வரும். இது ஊமையாக் கெடக்கு. வழியில பிரிச்சீகளா?”

துணிப்பையின் வாயைத் திறந்து காட்டினேன்.

“பாய் சொல்லிருப்பாரே?”

“சொன்னாரு.”

“அந்த மனுசன் கட்டுற கட்டு, ஆடி மழையிலகூட நனையாம வந்து சேரும். நீங்க மேகத்துக்கு நடுவுல விரிச்சு வச்சுப் பாத்திருக்கீக.” அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. “வாங்க, ஸ்டோருக்கு. ஏலக்காத் தட்டுல ஓரமா வச்சு எடுப்போம். ரொம்பச் சூடு காட்டுனா மேலிலை வெடிச்சிரும். ஒரு மணி நேரம் ஆகும்.”

அந்த ஒரு மணி நேரமும் தட்டுப் பக்கத்திலேயே நின்றேன். இவர் எட்டுச் சுருட்டில் இரண்டை ஒதுக்கிக்கொள்வாரோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. எண்ணினேன். எட்டும் இருந்தன. என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு மணிக்கு மூன்றாவதைச் செருகினார். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. நெருப்பு மெல்ல இறங்கியது. காற்று வந்தபோது இரண்டு கையாலும் மறைக்கப் போனேன். “தொடாதீக, அவரு பாத்துக்கிருவாரு” என்றார் பூசாரி. சாம்பல் இரண்டு அங்குலம் நின்று, தானாக வளைந்து விழுந்தது. அடி வரை எரிந்து கல் இடுக்கில் கறுப்பாக ஒரு பொட்டு மிச்சம். நான் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

பூசாரி என் மாலையைக் கழற்றிவிட்டு, ஒரு சுருட்டைப் பிரசாதமாகக் கொடுத்தார். அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து குடித்தேன். டிரைவர் சொன்னது பொய்யில்லை. முதல் இழுப்பில் மிளகுக் காரம். பாதிக்கு மேல் கருப்பட்டியைத் தீயில் காட்டினால் வருகிற ஒரு கசந்த இனிப்பு. எங்கள் ஊர் இரண்டே முக்கால் ரூபாய்ச் சரக்குக்கு இந்த நிறைவு கிடையாது. ஏலக்காய் வாசனையும் லேசாகக் கலந்திருந்தது. அது ஸ்டோரில் ஏறியதுதான்.

சாயங்காலம் போடியில் இறங்கி நேரே பாய் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, தப்பாக நினைத்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். “எல்லாரும் ஒருதரம் பிரிக்கிறதுதாண்ணே. தங்கச்சிக்குக் கண்ணு தெரிஞ்சா ஒரு கார்டு போடுங்க” என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரி. பாப்பாத்தி கேட்ட முதல் கேள்வி: “அணையாம எரிஞ்சுச்சா?”

எரிந்தது என்று மட்டும் சொல்லிவிட நினைத்திருந்தேன். சாமி காரியத்தில் மறைக்க மனம் வரவில்லை. முழுக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். “கலியாணத்துக்கு முன்னாடி என்னையும் மூணு தடவ வந்து பாத்தவுகதானே. நாளைக்கு டாக்டரு கட்டைப் பிரிக்கையில அவருகிட்ட எதுவும் குறுக்க கேட்டுக்கிட்டு நிக்காதீக. சும்மா நில்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்றேன். டாக்டர் கட்டை அவிழ்த்து, மெதுவாகத் திறக்கச் சொன்னார். அவள் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். என் பக்கம் திரும்பி அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க,” என்றாள், “சட்டையில பொத்தல் விழுந்திருக்கு. சுருட்டுக் கங்கு பட்டுச்சா?”